ஸ்டாஃபிங் நிறுவனங்களும் பிபிபி கடனும்: பழைய கோப்பைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஸ்டாஃபிங் நிறுவனம், அதாவது பிற நிறுவனங்களுக்கு வேலையாட்களை அனுப்பும் நிறுவனம், நடத்துவோருக்குப் பணப்புழக்கம் என்பது எந்நாளும் கயிற்றின்மேல் நடக்கும் வேலைதான். வாடிக்கையாளர் நிறுவனம் பில் தொகையைத் தருவதற்கு 45 அல்லது 60 நாள் ஆகலாம். அங்கே அனுப்பப்பட்ட ஆளுக்கோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போயே தீர வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது புதிய பிராஜெக்டுகள் நின்றன, பழைய பில்கள் தள்ளிப்போயின, ஆனால் சம்பளத் தேதி மட்டும் தள்ளிப்போகவில்லை. மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் சட்டம், இத்தகைய சிறு நிறுவனங்களுக்காக சம்பளப் பாதுகாப்புத் திட்டம் என்ற அவசரக் கடன் திட்டத்தை, பெரும்பகுதியைச் சம்பளத்துக்குச் செலவிட்டால் தள்ளுபடி கோரலாம் என்ற ஏற்பாட்டோடு, உருவாக்கியது. பிபிபி என்று எல்லோரும் அழைத்தது இதைத்தான்.

ஏப்ரல் 3 அன்று விண்ணப்பங்கள் தொடங்கின. ஒதுக்கப்பட்ட 34,900 கோடி டாலரும் ஏப்ரல் 16க்குள் தீர்ந்துபோயிற்று. அதே மாதம் 24ஆம் தேதி மேலும் 31,000 கோடி டாலர் சேர்க்கப்பட்டது. டிசம்பர் இறுதியில் இன்னொரு சட்டத்தின் மூலம் இரண்டாம் சுற்றுக் கடனும் வந்தது. 2021 மே 31 அன்று திட்டம் முடிவுற்றது. அந்த அவசரத்தில் வங்கிக்கு அனுப்பிய விண்ணப்பத்தைப் பலர் அதன்பின் திறந்துகூடப் பார்த்ததில்லை.

திறந்து பார்க்க வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. கடன் தள்ளுபடியான அல்லது அடைபட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எந்தத் தொகையிலான கடனையும் சிறுதொழில் நிர்வாகமாகிய எஸ்பிஏ மறுஆய்வுக்கு எடுக்கலாம். மோசடி வழக்குத் தொடர்வதற்கான கால வரம்பை 2022 ஆகஸ்டில் இயற்றப்பட்ட சட்டம் பத்து ஆண்டுகளாக்கியது. தள்ளுபடி கோராமல் விட்டவர்களின் கடன் தவணைக் கடனாக மாறியிருக்கும். இவற்றோடு, பேரிடர்க் கடனாகிய இஐடிஎல் வாங்கியவர்களுக்கு முப்பது ஆண்டுத் தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் ஐடி ஆட்களை அனுப்பும் சிறு நிறுவனங்களை நடத்தும் தமிழர்கள் உண்டு. மளிகைக்கடைக்கோ உணவகத்துக்கோ இல்லாத ஒரு சிக்கல் இவர்களுக்கு உண்டு: ‘என்னுடைய பணியாளர் யார்?’ என்ற கேள்வி. கடன் தொகை, தகுதி, தள்ளுபடி மூன்றுமே இந்தக் கேள்விக்கு நீங்கள் அன்று தந்த விடையைப் பொறுத்தே நிற்கின்றன. ஆகவே கீழே உள்ள படிகளும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

முதல் படி: கோப்பைத் திரட்டுதல்

வங்கிக்குத் தந்த விண்ணப்பப் படிவம் 2483, இரண்டாம் சுற்று வாங்கியிருந்தால் அதற்குரிய படிவம், கடன் பத்திரம், தள்ளுபடிக்கான 3508 வரிசைப் படிவம், எஸ்பிஏ அல்லது வங்கி அனுப்பிய தள்ளுபடி அறிவிப்பு ஆகியவற்றை முதலில் எடுத்துவையுங்கள். அடுத்து, விண்ணப்பத்தில் காட்டிய ஆண்டுக்குரிய படிவம் 941 (காலாண்டு ஊதிய வரி அறிக்கை) நான்கு காலாண்டுக்கும், படிவம் 940 (ஆண்டு வேலையின்மை வரி அறிக்கை), டபிள்யூ-2 (ஒவ்வொரு பணியாளருக்கும் தரும் ஆண்டுச் சம்பளச் சான்று) மற்றும் அவற்றின் தொகுப்பான டபிள்யூ-3, மாநிலத்துக்குச் செலுத்திய காலாண்டு ஊதிய அறிக்கைகள் ஆகியவை வேண்டும். மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் கட்டிய ரசீதுகளும் ஓய்வூதியத் திட்டப் பங்களிப்புக்கான சான்றுகளும் தனியாக இருக்கட்டும். ஸ்டாஃபிங் நிறுவனமாக இருப்பதால், டைம்ஷீட்டுகளையும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களையும் இதே கோப்பில் சேர்ப்பது நல்லது; யார் எந்த வாரம் வேலையில் இருந்தார், யார் பெஞ்சில், அதாவது பிராஜெக்ட் இல்லாமல் காத்து, இருந்தார் என்பதைக் காட்டும் ஒரே சான்று பெரும்பாலும் அதுதான்.

பேரோல் சேவை நிறுவனத்தை இடையில் மாற்றியவர்கள் பழைய கணக்கிலிருந்து அறிக்கைகளைப் பதிவிறக்கி வைத்தார்களா என்று உடனே பார்க்க வேண்டும். பிஇஓ, அதாவது பணியாளர்களின் சம்பளம், வரி வேலைகளை ஏற்று நடத்தும் வெளி நிறுவனம், வழியாகச் சம்பளம் கொடுத்தவர்களின் 941 அந்த பிஇஓவின் பெயரிலும் எண்ணிலும் போயிருக்கும். அப்படிப்பட்டவர்கள் பிஇஓ தரும் பேரோல் விவர அறிக்கையைச் சான்றாகக் காட்டலாம் என்று எஸ்பிஏ அன்றே தெளிவுபடுத்தியிருந்தது.

இரண்டாம் படி: தகுதி அன்று உண்மையிலேயே இருந்ததா?

முதல் சுற்றில் பொதுவான வரம்பு 500 பணியாளர். முழுநேரம், பகுதிநேரம் என்று பார்க்காமல் தலைக்கணக்காக எண்ண வேண்டும். வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்தாலும், உங்கள் டபிள்யூ-2 பெறுபவர் உங்கள் எண்ணிக்கையில் வருவார். தற்காலிக ஆட்களை அனுப்பும் நிறுவனங்கள் 500ஐ எளிதில் தாண்டிவிடும் என்றாலும் அதோடு கதை முடியவில்லை. எஸ்பிஏ வகுத்த தொழில்வாரி அளவுகோலுக்குள் இருந்தாலும் தகுதி உண்டு. தற்காலிகப் பணியாளர் சேவைக்குரிய 561320 என்ற தொழில் குறியீட்டுக்கு அப்போது இருந்த வரம்பு சராசரி ஆண்டு வருவாய் 3 கோடி டாலர். இதுவும் பொருந்தாதவர்கள், நிகர சொத்து 1.5 கோடி டாலருக்கும் இரண்டாண்டுச் சராசரி நிகர வருமானம் 50 லட்சம் டாலருக்கும் மிகாமல் இருந்தால் மாற்று அளவுகோலில் நுழைய முடிந்தது. எந்த வாசல் வழியாக நீங்கள் நுழைந்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, அதற்கான கணக்கோடு கோப்பில் வையுங்கள்.

பலர் கவனிக்காமல் விட்டது இணை நிறுவனங்களை. ஒரே குடும்பம் நான்கு எல்எல்சிகளை (வரையறுத்த பொறுப்புள்ள தனித்தனி நிறுவனங்களை) நடத்துவது இத்துறையில் புதுமையே இல்லை. கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, கூட்டாளியோடு இன்னொன்று என்று போகும். பொதுவான உடைமையும் கட்டுப்பாடும் இருந்தால் அவற்றின் பணியாளர் எண்ணிக்கையையும் வருவாயையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். சென்னையிலோ கோவையிலோ ரெக்ரூட்டர்களை வைத்து ஒரு துணை நிறுவனம் நடத்தினால் அங்குள்ளவர்களும் தலைக்கணக்கில் சேர்வர். அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பணியாளர்களையும் எண்ண வேண்டும் என்பதை எஸ்பிஏ 2020 மே 5 அன்றுதான் தெளிவாகச் சொன்னது. அதற்கு முன் இருந்த விளக்கத்தை நம்பி அவர்களை எண்ணாமல் விண்ணப்பித்தவர்கள்மீது அந்தக் காரணத்துக்காக நடவடிக்கை இல்லை என்றும் அறிவித்தது. ஆகவே விண்ணப்பத் தேதி இங்கே முக்கியமானது.

இரண்டாம் சுற்றுக்கு விதிகள் இறுகின: அதிகபட்சம் 300 பணியாளர், கடன் உச்சவரம்பு 20 லட்சம் டாலர், 2020இன் ஏதேனும் ஒரு காலாண்டு வருவாய் 2019இன் அதே காலாண்டைவிட 25 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். உணவகங்களுக்கும் ஓட்டல்களுக்கும் மட்டும் மாதச் சம்பளச் செலவைப்போல் 3.5 மடங்கு வரை கடன் கிடைத்தது, மற்றவர்களுக்கு 2.5 மடங்குதான். அந்தச் சலுகை விண்ணப்பதாரரின் சொந்தத் தொழில் குறியீடு 72இல் தொடங்கினால்தான் பொருந்தும். ஓட்டலுக்கு ஆள் அனுப்பும் ஸ்டாஃபிங் நிறுவனம் ஓட்டல் ஆகிவிடாது.

மூன்றாம் படி: கடன் தொகையை மறுபடியும் கணக்கிடுதல்

முழுக் கோப்பிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. விதி எளிமையானது: ஆண்டுச் சம்பளச் செலவைப் பன்னிரண்டால் வகுத்து, 2.5ஆல் பெருக்க வேண்டும். முதல் சுற்றில் உச்சவரம்பு 1 கோடி டாலர். சம்பளச் செலவு என்பதில் எதையெல்லாம் சேர்ப்பது என்பதில்தான் தவறுகள் நடந்தன.

ஒரு பணியாளருக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் கொடுத்த ரொக்கச் சம்பளம் கணக்கில் வராது. நிறுவனம் கட்டிய மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் இந்த வரம்புக்கு வெளியே தனியாகச் சேரும். மாநில வேலையின்மை வரி சேரும். நிறுவனத்தின் பங்காகச் செலுத்தும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகள் சேரா. டபிள்யூ-2க்குப் பதிலாக 1099 என்ற வருமானப் படிவம் பெறும் தனி ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த தொகை சேராது, ஏனெனில் அவர்கள் தாங்களே விண்ணப்பிக்க முடிந்தது. கார்ப்-டு-கார்ப் முறையில் வேறொரு நிறுவனத்துக்குச் செலுத்திய பில்லும் அப்படியே சேராது. முதன்மை வசிப்பிடம் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களின் சம்பளமும் சேராது. சென்னை அலுவலகச் செலவு தலைக்கணக்கில் கூடும், சம்பளக் கணக்கில் கழியும் என்ற இந்த விநோதத்தை மனதில் வையுங்கள். எச்-1பி விசாவில் அமெரிக்காவிலேயே வசித்து, உங்கள் டபிள்யூ-2 பெற்றவரின் சம்பளம் முறையாகச் சேரும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் 2019இல் 20 டபிள்யூ-2 பணியாளர்கள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 பேருக்குத் தலா 72,000 டாலர்; 5 பேருக்குத் தலா 1,30,000; 3 பேருக்குத் தலா 48,000. ஐந்து பேரின் சம்பளத்தை 1,00,000 என்று வெட்டினால், மொத்தம் 8,64,000 + 5,00,000 + 1,44,000 = 15,08,000 டாலர். நிறுவனம் கட்டிய காப்பீடு 80,000, மாநில வேலையின்மை வரி 12,000 சேர்த்தால் 16,00,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,33,333, அதன் 2.5 மடங்கு 3,33,333 டாலர். இதே நிறுவனம் கார்ப்-டு-கார்ப் பில்களாகச் செலுத்திய 7,00,000 டாலரையும் உள்ளே சேர்த்திருந்தால் கடன் 4,79,167 ஆகியிருக்கும். வித்தியாசம் 1,45,834 டாலர். இவ்வளவும் தகுதியற்ற கூடுதல் கடன்.

உங்கள் படிவத்தில் எழுதிய மாதச் சராசரியும் மேற்கண்ட முறையில் இன்று நீங்கள் கண்டடையும் சராசரியும் சில டாலர்களுக்குள் ஒத்துப்போனால் நிம்மதியாக அடுத்த படிக்குச் செல்லலாம். ஒத்துப்போகாவிட்டால் எந்த வரியில் பிசகியது என்பதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

நான்காம் படி: பணம் போன வழி

கடன் கணக்கில் வந்த நாளிலிருந்து முதலில் எட்டு வாரமும், 2020 ஜூன் 5 திருத்தத்துக்குப் பின் இருபத்துநான்கு வாரம் வரையும் செலவிடும் காலமாகக் கணக்கிடப்பட்டது. முழுத் தள்ளுபடிக்கு 60 சதவீதமாவது சம்பளச் செலவுக்குப் போயிருக்க வேண்டும். மீதி வாடகை, அடமானக் கடன் வட்டி, மின்சாரம், தொலைபேசி போன்ற அனுமதிக்கப்பட்ட செலவுகளுக்குப் போகலாம். ஸ்டாஃபிங் நிறுவனங்களில் பெரும்பணம் சம்பளமாகவே போவதால் 60 சதவீதத்தை எட்டுவது சிரமமில்லை. கவனிக்க வேண்டியது தனி மனித வரம்பு: இருபத்துநான்கு வாரத்துக்கு ஒரு பணியாளருக்கு 46,154 டாலர், எட்டு வாரத்துக்கு 15,385, உரிமையாளராகவும் பணியாளராகவும் இருப்பவருக்கு அதிகபட்சம் 20,833.

பெஞ்சில் இருந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிராஜெக்ட் இல்லாத நாளிலும் எச்-1பி பணியாளருக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது குடியேற்றச் சட்ட விதி. பிபிபி பணம் அத்தகைய சம்பளத்துக்கு முழுப் பொருத்தமானதாகவே இருந்தது. அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு, பெஞ்சில் இருந்தவரைச் சம்பளமில்லாமல் உட்காரவைத்த நிறுவனம் இரண்டு சட்டங்களின் கீழ் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பணியாளர் கையில் வங்கிக் கணக்கு அறிக்கை இருக்கிறது என்பதையும், பிபிபி பெற்ற நிறுவனங்களின் பெயரும் தொகையும் பொதுவெளியில் வெளியிடப்பட்டுள்ளன என்பதையும் மறக்கக் கூடாது. பொய்யான கோரிக்கைகளுக்கு எதிரான சட்டத்தின் கீழ் தகவல் தருபவருக்கு மீட்கப்படும் தொகையில் பங்கும் உண்டு.

ஐந்தாம் படி: தள்ளுபடிக் கணக்கு

தமிழ்நாட்டில் கடன் தள்ளுபடி என்றால் தேர்தல் அறிவிப்பும் அரசாணையும் நினைவுக்கு வரும். பிபிபி தள்ளுபடி தானாக வந்ததில்லை; கடனாளியே படிவம் நிரப்பி, சான்று காட்டிக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. செலவிடும் காலம் முடிந்து பத்து மாதத்துக்குள் கேட்காதவர்களுக்குத் தவணை தொடங்கிவிட்டது. வட்டி 1 சதவீதம்தான். தவணைக்காலம் 2020 ஜூன் 5க்கு முந்தைய கடனுக்கு இரண்டு ஆண்டும், பிந்தைய கடனுக்கு ஐந்து ஆண்டும். கடன் முதிர்வதற்கு முன் தள்ளுபடி கோரலாம் என்பதால், இன்னும் கோராதவர்கள் தங்கள் கடன் பத்திரத்தில் உள்ள முதிர்வுத் தேதியை இன்றே பாருங்கள்.

தள்ளுபடித் தொகை இரண்டு காரணங்களால் குறையும். முழுநேரப் பணியாளர் எண்ணிக்கையின் வாரச் சராசரி, 2019 பிப்ரவரி 15 முதல் ஜூன் 30 வரை அல்லது 2020 ஜனவரி 1 முதல் பிப்ரவரி 29 வரை இருந்த சராசரியைவிடக் குறைந்திருந்தால் அதே விகிதத்தில் தள்ளுபடியும் குறையும். வாரம் 40 மணி நேரம் வேலை செய்தவர் ஒரு முழு ஆளாக எண்ணப்பட்டார். குறைவாகச் செய்தவரை அரை ஆளாகக் கொள்ளும் எளிய முறையும் அனுமதிக்கப்பட்டது. ஸ்டாஃபிங் தொழிலில் ஆட்கள் பிராஜெக்ட் முடிந்ததும் போவதும் புதியவர் வருவதும் அன்றாடம் நடப்பதால், எந்த ஒப்பீட்டுக் காலத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே முடிவை மாற்றக்கூடும். தானாக விலகியவர், தக்க காரணத்தோடு நீக்கப்பட்டவர், திரும்ப அழைத்தும் வர மறுத்தவர் ஆகியோரால் நேர்ந்த குறைவு உங்களைப் பாதிக்காது. ஆனால் அந்த அழைப்பும் மறுப்பும் எழுத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அந்த உரையாடலையாவது அச்செடுத்து வையுங்கள். 2020இல் சுகாதார, பணியிடப் பாதுகாப்பு வழிகாட்டல்களால் பழைய அளவில் தொழில் நடத்த முடியாமல் போனதை நிரூபித்தவர்களுக்கும் விலக்கு இருந்தது.

ஆண்டுக்கு 1,00,000 டாலர் வரை பெறும் ஒருவரின் சம்பள விகிதத்தை 25 சதவீதத்துக்கு மேல் வெட்டியிருந்தால், அந்த மிகுதியும் தள்ளுபடியிலிருந்து கழியும். 50,000 டாலர் வரையிலான கடன்களுக்கு, பெரும்பாலும், இந்த இரண்டு கழிவுகளும் பொருந்தவில்லை. 1,50,000 டாலர் வரையிலான கடன்களுக்கு ஒரு பக்கப் படிவமான 3508எஸ் போதும் என்று ஆனது. இருப்பினும் கணக்கைக் காட்டத் தேவையில்லை என்பதும் கணக்கே தேவையில்லை என்பதும் ஒன்றல்ல.

தள்ளுபடியான தொகை கூட்டாட்சி வருமான வரிக்கு உட்படாது. அதைக்கொண்டு செய்த செலவையும் கழித்துக்கொள்ளலாம் என்று 2020 டிசம்பர் சட்டம் உறுதிசெய்தது. பின்னாளில் பணியாளர் தக்கவைப்பு வரிச் சலுகையான இஆர்சியையும் கோரியவர்கள், ஒரே சம்பளத்தை இரண்டு இடத்திலும் காட்டவில்லை என்பதைத் தேதிவாரியாகச் சரிபார்க்க வேண்டும்.

ஆறாம் படி: பிழை தென்பட்டால்

ஆவணத்தைத் திருத்தாதீர்கள், பழைய தேதியிட்டுப் புதிய தாள் எதையும் தயாரிக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்த கணக்குப் பிழையால் கூடுதலாகப் பெற்ற தொகைக்கு மட்டும் தள்ளுபடி கிடைக்காது, அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதே எஸ்பிஏ வகுத்த பொதுவான நிலை. தெரிந்தே செய்த பொய்க்கு அந்தச் சலுகை கிடையாது. இழப்பைப்போல் மூன்று மடங்கு வரை பொறுப்பேற்க நேரலாம். இரண்டில் எது என்பதை நீங்களே முடிவுசெய்து வங்கிக்குக் கடிதம் எழுதுவதைவிட, இத்தகைய வழக்குகளைக் கையாளும் ஒரு வழக்கறிஞரிடம் முதலில் பேசுவது அறிவுடைமை. கணக்காளரோடு பேசுவதற்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பைவிட வழக்கறிஞரோடு பேசுவதற்குக் கிடைப்பது வலுவானது. தள்ளுபடியை மறுத்து எஸ்பிஏ இறுதி முடிவு அனுப்பினால், அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கடிதம் வந்த உறையைக்கூடத் தூக்கி எறியாதீர்கள்.

ஏழாம் படி: இஐடிஎல் வாங்கியவர்களுக்கு

இந்தக் கடனை வங்கி வழியாக இல்லாமல் எஸ்பிஏ நேரடியாகவே கொடுத்தது. வட்டி 3.75 சதவீதம், காலம் 30 ஆண்டு. உச்சவரம்பு ஒரு கட்டத்தில் 1,50,000 டாலராக இருந்து, 2021இல் 5,00,000 ஆகி, பிறகு 20 லட்சம் வரை உயர்ந்தது. முன்பணமாகக் கிடைத்த தொகையைத் திருப்பத் தேவையில்லை. கடனுக்குத் தள்ளுபடி கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவணை கட்டாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

1,50,000 டாலர் கடனுக்கு மாதத் தவணை 731 டாலர். முதல் 30 மாதம் கட்ட வேண்டியதில்லை என்ற சலுகை முடியும்போது சேர்ந்திருக்கும் வட்டி சுமார் 14,062 டாலர். மாதம் சேரும் வட்டி 468.75 போக, தவணையில் மிஞ்சுவது 262 டாலர்தான். ஆகவே பழைய வட்டி தீரவே ஏறத்தாழ 54 மாதம் பிடிக்கும். அதுவரை அசலில் ஒரு டாலரும் குறையாது. கணக்கு அறிக்கையைப் பார்த்து அதிர்ச்சியடைவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தவறினால் கடன் கருவூலத் துறையின் வசூலுக்குப் போகும். வரித் திருப்பத்தொகையைப் பிடித்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு, வசூல் கட்டணமும் கூடும்.

ஸ்டாஃபிங் நிறுவனத்துக்கு இதில் தனி முடிச்சு ஒன்று இருக்கிறது. 25,000 டாலருக்கு மேற்பட்ட கடனுக்கு நிறுவனத்தின் சொத்துகள்மீது எஸ்பிஏ பிணை உரிமை பதிவுசெய்தது; வரவேண்டிய பில் தொகைகளும் அந்தச் சொத்தில் அடங்கும். ஆனால் பில்களை ஃபேக்டரிங் நிறுவனத்திடம் கொடுத்து முன்பணம் வாங்கித்தான் பலர் சம்பளம் போடுகிறார்கள். அந்த நிறுவனமோ பில்கள்மீது தனக்கே முதல் உரிமை வேண்டும் என்று கேட்கும். எனவே புதிதாக ஃபேக்டரிங் ஒப்பந்தமோ வங்கிக் கடன் வரம்போ தேடுவதற்கு முன், மாநிலப் பதிவேட்டில் உங்கள் நிறுவனத்தின்மீது என்னென்ன பிணைகள் இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். எஸ்பிஏ தன் உரிமையைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும்படி விண்ணப்பிக்க அவகாசம் ஒதுக்குங்கள். 2,00,000 டாலருக்கு மேல் வாங்கியவர்கள் தனிப்பட்ட உத்தரவாதமும் கொடுத்திருப்பார்கள். நிறுவனத்தை மூடினாலும் அந்த உத்தரவாதம் மூடப்படாது. விற்பதாக இருந்தால் எஸ்பிஏவின் ஒப்புதல் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்.

எட்டாம் படி: எத்தனை நாள் வைத்திருப்பது?

2021 நவம்பர் 10 அன்று தள்ளுபடியான கடனின் ஆவணங்களை விதிப்படி 2027 நவம்பர் 10 வரை வைத்திருந்தால் போதும். பத்தாண்டு வழக்கு வரம்பை எண்ணிப் பார்த்தால் 2031 இறுதிவரை வைத்திருப்பதே என் பரிந்துரை. தாளாக ஒரு பெட்டியும் மின்னணுப் பிரதியாக ஒரு கோப்புறையும் போதும். பேரோல் சேவையின் இணையக் கணக்கையே சேமிப்பிடமாக நம்பாதீர்கள். சந்தாவை நிறுத்தியதும் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். கூட்டாளிகள் பிரிந்துபோகும் நிலையில் இருந்தால், பிரிவு ஒப்பந்தத்திலேயே இந்தப் பெட்டி யாரிடம் இருக்கும், கேட்கும்போது மற்றவருக்கு எத்தனை நாளில் காட்டுவார் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.